மருந்து இடித்த துப்பாக்கிகளும் நம் முத்துக்குளித்துறையும்

கட்டபொம்மன் என்றதும் நமக்கெல்லாம் வாள்தான் கண் முன்னே வரும். 1959-இல் வந்த சிவாஜி படம் அப்படி ஓர் உருவத்தை நம் மனதில் பதித்துவிட்டது. ஒட்டப்பிடாரம் பக்கம் 1974-இல் கட்டிய பாஞ்சாலங்குறிச்சி நினைவுக் கோட்டைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாலும் வாள், வேல், கேடயம் என்றுதான் பேச்சு போகும்.

ஆனால் அந்தச் சண்டைகளில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் எழுதி வைத்ததைப் படித்தால் இன்னொரு ஆயுதமும் கண்ணில் படுகிறது. துப்பாக்கி. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்து, திரியில் நெருப்பு வைத்துச் சுடும் துப்பாக்கி. நம் கரிசல் காட்டு ஆட்கள் அதை நன்றாகவே கையாண்டிருக்கிறார்கள்.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உலகத்தில் பல நாடுகளில் இந்தப் பழைய துப்பாக்கிகளுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. சண்டைக்கோ வேட்டைக்கோ மட்டும் அல்ல. ஓய்வு நேரத்தில் தாத்தாமார் சுட்ட மாதிரியே சுட்டுப் பார்க்கிறார்கள், போட்டி வைக்கிறார்கள். இந்தியாவுக்குள் இந்தத் துப்பாக்கி கடல் வழியாக வந்து இறங்கிய பழைய கரைகளில் நம் முத்துக்குளித்துறையும் ஒன்று. அப்படியிருக்க, இங்கே அது என்ன ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன்.

முதலில் பெயர். நம்மூரில் இதை நாட்டுத் துப்பாக்கி என்போம். லைசென்ஸ் புத்தகத்தில் எஸ்.பி.எம்.எல். என்று இருக்கும். ஒற்றைக் குழல், வாய் வழி மருந்து என்று அதற்கு அர்த்தம். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைத் தமிழர்கள் வைத்திருக்கும் பெயர் இதைவிட அழகு. அவர்கள் 'இடியன் துவக்கு' என்கிறார்கள். மருந்தை இடித்துக் கெட்டிப்பதால் இடியன். துப்பாக்கி, துவக்கு இரண்டுமே துருக்கிச் சொல்லிலிருந்து வந்தவை என்பார்கள். பீரங்கி என்ற சொல்லோ பரங்கியரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஆயுதம் வந்த வழியைச் சொல்லே காட்டிக் கொடுக்கிறது.

நுட்பத்தில் மூன்று படிகள் உண்டு. முதலாவது திரித் துப்பாக்கி. வெடியுப்பில் ஊறவைத்துக் காயவைத்த கயிற்றுத் திரி கனன்றுகொண்டே இருக்கும். விசையை இழுத்தால் அந்தத் திரி கீழே இறங்கி, குழலின் பக்கத்துக் கிண்ணியில் உள்ள மருந்தைத் தொடும். இரண்டாவது சக்கிமுக்கிக் கல் வைத்தது. கல் எஃகில் உரசிப் பொறி பறக்கும். மூன்றாவது, 19-ஆம் நூற்றாண்டில் வந்த கேப்பு வைத்த துப்பாக்கி. குதிரை வந்து கேப்பில் அடித்தால் வெடிக்கும். நம் கிராமங்களில் கடைசி வரை இருந்தவை பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை. குழலுக்குள்ளே சுருள் வரி வெட்டியிருந்தால்தான் அதற்கு ரைபிள் என்று பெயர். நம்மூர்த் துப்பாக்கிகளின் உட்புறம் வழவழவென்று இருக்கும். ஒற்றைக் குண்டும் போடலாம், ரவையும் போடலாம்.

இது நம் கரைக்கு வந்த கதைக்கு வருவோம். போர்த்துகீசியர் 1520-களிலேயே முத்துக்குளிப்பில் கை வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். 1535-க்குப் பிறகு பரதவ மக்கள் அவர்களுடைய பாதுகாப்பைத் தேடிப்போனதும் ஞானஸ்நானம் பெற்றதும் நமக்கெல்லாம் தெரிந்த சரித்திரம். 1538-இல் வேதாளைக் கடற்கரையில் கோழிக்கோட்டுப் படையைப் போர்த்துகீசியர் முறியடித்தார்கள். அந்தக் காலத்துப் பாதுகாப்பு என்றால் அதில் துப்பாக்கியும் பீரங்கியும் அடக்கம்.

அதே ஆண்டுகளில் அதே போர்த்துகீசியர் கிழக்கே போனார்கள். 1543-இல் ஜப்பானின் தானேகஷிமா என்ற தீவில் கரை ஒதுங்கிய போர்த்துகீசியரிடமிருந்து அந்தத் தீவின் தலைவர் திரித் துப்பாக்கி வாங்கினார். உள்ளூர்க் கொல்லர்கள் அதைப் பார்த்து அதேபோல் அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கும் ஜப்பானில் திரித் துப்பாக்கிக்கு அந்தத் தீவின் பெயர்தான். கோவாவிலும் மலாக்காவிலும் உருவான துப்பாக்கிகளின் சாயல் ஜப்பானியத் துப்பாக்கியிலும் இலங்கைத் துப்பாக்கியிலும் தெரிகிறது என்று ஆயுத ஆராய்ச்சியாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நம் கரையில் இறங்கிய துப்பாக்கியும் ஜப்பான் துப்பாக்கியும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள்.

முத்துக்குளிப்புக்கும் வெடி மருந்துக்கும் அமைதியான ஒரு தொடர்பும் இருந்தது. மன்னார் வளைகுடாவில் கம்பெனிக் காலத்தில் நடந்த முத்துக்குளிப்புகளில், இரவில் கரைக்காற்று எழும் நேரத்தில் ஒரு பீரங்கி வெடிப்பார்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் தோணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பாருக்குப் புறப்படும். வெடி என்பது சாவுக்கு மட்டும் அல்ல, வேலைக்கும் நேரம் சொன்ன கடற்கரை இது.

1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். துறைமுகம் அவர்கள் கையில், உள்நாடு பாளையக்காரர்கள் கையில். இரண்டு தரப்புக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. 1783-இல் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது உள்ளே துப்பாக்கிகளும் வெடி மருந்தும் கிடைத்தன. கட்டபொம்மன் வம்சத்தாரோடு டச்சுக்காரர்கள் செய்துகொண்ட ஒப்பந்தப் பத்திரமும் கிடைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அப்போது பாளையக்காரராக இருந்தவர் நம் வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு முந்தையவர். தூத்துக்குடிக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் நடுவே அதிகத் தூரம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு ராத்திரியில் மாட்டு வண்டி போய்ச் சேர்ந்துவிடும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1799 செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மன் கோட்டையைத் தாக்கினார். அடுத்த மாதம் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். இடித்துப் போட்ட கோட்டையைச் சில நாட்களிலேயே மறுபடி எழுப்பினார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தையும் அவருடைய ஆட்கள் கொஞ்ச காலம் பிடித்து வைத்திருந்தார்கள். மார்ச் 31-இல் மேஜர் மெக்காலே தாக்கித் தோற்றுத் திரும்பினார். மே 24-இல்தான் கர்னல் அக்னியூ கோட்டையைப் பிடித்தார்.

அந்தச் சண்டையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830-இல் தன் நினைவுகளைப் புத்தகமாகப் போட்டார். நம் ஆட்கள் நீண்ட ஈட்டியோடு கோட்டைச் சுவரின் உடைப்பில் நின்ற விதத்தை, எதிரியாக இருந்தும் மதிப்போடு எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் இடையன்குடி கால்டுவெல் ஐயர் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இவற்றையெல்லாம் தொகுத்துக் கொடுத்திருக்கிறார்.

நம் விஷயத்துக்கு முக்கியமானது சண்டை முடிந்த பிறகு வந்த உத்தரவுகள். 1799 அக்டோபரில் பானர்மன் பாளையக்காரர்களைக் கூட்டி, கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தார். 1801 டிசம்பர் 1-ஆம் தேதி கவர்னர் எட்வர்டு கிளைவ் போட்ட பிரகடனம் அதை இன்னும் இறுக்கியது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மண்ணோடு மண்ணாக்கி, உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லும் செய்தி. கோட்டைக்கு நடந்ததுதான் துப்பாக்கிக்கும் நடந்தது. அதோடு துப்பாக்கிக் கொல்லர்களின் தொழிலும் போயிற்று. குழல் அடிப்பவர், விசை பொருத்துபவர், கட்டை செதுக்கும் தச்சர், மருந்து இடிப்பவர் என்று ஒரு துப்பாக்கிக்குப் பின்னால் எத்தனை கைகள் இருந்திருக்கும்! வாங்க ஆள் இல்லாதபோது அந்தக் கைகள் எல்லாம் கலப்பைக்கும் அரிவாளுக்கும் திரும்பிவிட்டன.

இது நம் சீமைக்கு மட்டும் வந்த விதி அல்ல. தஞ்சை மராட்டிய அரசர்களின் ஆயுதசாலையை ஆங்கிலேய அரசு எடுத்துக்கொண்ட பிறகு, 1863-இல் திருச்சியில் வைத்து அந்த ஆயுதங்களைப் பிரித்தார்கள். நல்லவை என்று தோன்றிய கொஞ்சம் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பாகத் தள்ளிவிட்டார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்று நாம் பார்ப்பது அந்தக் குவியலில் தப்பிப் பிழைத்தவை.

1878-இல் வந்த ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை நாடு முழுக்கத் தடுத்தது. சுதந்திரத்துக்குப் பின் புதிய சட்டம் 1959-இல் வந்தது. கட்டபொம்மன் படம் வந்த அதே வருஷம். படத்தில் வாளைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தபோது, பார்லிமெண்டில் துப்பாக்கிக்கு விதி எழுதிக்கொண்டிருந்தார்கள்! அந்தச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் நம் நாட்டுத் துப்பாக்கிக்கு என்றே ஓர் இடம் உண்டு. உண்மையாகவே பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால், வாய் வழி மருந்து போடும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம். கட்டபொம்மன் காலத்துப் போர் ஆயுதம் இப்படிக் கடைசியில் காட்டுப்பன்றி விரட்டும் காவல்காரனாக ஆயிற்று.

அந்தக் காவல்காரனை நான் பார்த்திருக்கிறேன். ஒட்டப்பிடாரத்துக்குத் தெற்கே எங்கள் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் கரிசல் காடு இருந்தது. கம்பும் உளுந்தும் போடுவார். வீட்டுப் பரணில் கோணித்துணி சுற்றி ஒரு துப்பாக்கி இருக்கும். மாட்டுக் கொம்பில் மருந்து, சின்னத் தகர டப்பாவில் கேப்பு. கெட்டிக்கும்போது சித்தப்பா யாரோடும் பேச மாட்டார். மருந்து, தேங்காய் நார், ரவை, மறுபடி நார். ஒவ்வொன்றுக்கும் கம்பியால் எத்தனை இடி என்று அவருக்கு ஒரு கணக்கு. "அவசரக்காரன் இதத் தொடப்படாது லே" என்பார். சுட்டு முடித்ததும் வெந்நீரை ஊற்றிக் கழுவி, நல்லெண்ணெய் தொட்ட துணியை உள்ளே விட்டுத் துடைப்பார். கருமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும். நம் கடல் காற்றுக்கு ஒரு ராத்திரி போதும், குழல் துருப்பிடித்துவிடும்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருவார். முடிந்ததும் போய் எடுத்து வருவார். அவர் காலமான பிறகு சித்தி அதை ஒரேயடியாக ஒப்படைத்துவிட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். யாருக்கும் லைசென்ஸ் மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. ரசீதுகூட இப்போது வீட்டில் இல்லை. அந்த இடிக் கணக்கும் அவரோடு போய்விட்டது. நம் மாவட்டத்துக் கிராமங்களில் இப்படி எத்தனையோ வீடுகள் இருந்திருக்கும்.

மற்ற நாடுகளில் இது எப்படித் திரும்பி வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் பழைய நீளக் குழல் ரைபிள்களை வைத்திருந்தவர்கள் சேர்ந்து 1933-இல் தேசிய அளவில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். இண்டியானா மாநிலத்தில் பிரண்ட்ஷிப் என்ற சிற்றூரில் அவர்களுடைய மைதானம் இருக்கிறது. பிரிட்டனில் 1952-இல் சங்கம் வந்தது. 1971-இல் பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து சர்வதேசக் குழு ஒன்றை அமைத்தன. அவர்கள் நடத்தும் உலகப் போட்டியில் ஒரு பிரிவுக்குப் பெயரே தானேகஷிமா. திரித் துப்பாக்கியால் நின்றபடி 50 மீட்டர் தூரத்துக் குறியைச் சுட வேண்டும். அரை மணி நேரத்தில் 13 தடவை சுடலாம், அதில் நல்லதாகப் பத்தை எடுத்துக்கொள்வார்கள். அரை மணிக்கு 13 என்றால் எவ்வளவு நிதானமான ஆட்டம் என்று பாருங்கள். அசல் பழைய துப்பாக்கிக்குத் தனிப் பிரிவு, புதிதாகச் செய்த நகலுக்குத் தனிப் பிரிவு.

இந்த நகல்களை இத்தாலியில் நிறையச் செய்கிறார்கள். நம் இந்தியப் பட்டறைகளிலும் செய்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பழைய கம்பெனிச் சிப்பாய் தூக்கிய அதே பிரௌன் பெஸ் துப்பாக்கியின் நகல் இங்கிருந்து கப்பலேறி மேல்நாட்டுக்காரர்களின் பொழுதுபோக்குக்குப் போகிறது. நெருப்பு உள்ளே போகும் அந்தச் சிறு துளையை மட்டும் போடாமல் அனுப்புவார்கள். வாங்கியவர் அங்கே துளைத்துக்கொள்ள வேண்டும். பாஞ்சாலங்குறிச்சியை இடித்த படையின் துப்பாக்கியை நாமே செய்து கொடுக்கிறோம். பாஞ்சாலங்குறிச்சிக்காரர்கள் வைத்திருந்த துப்பாக்கியின் நகலைச் செய்யத்தான் ஆள் இல்லை.

இந்தியாவிலேயே இந்தப் பழக்கம் அறுந்துபோகாத இடம் ஒன்று உண்டு. குடகு. ஆங்கிலேயர் காலத்திலேயே குடகர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸ் தேவையில்லை என்று விலக்குக் கொடுத்தார்கள். 2019-இல் மத்திய அரசு அதை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டித்தது. செப்டம்பர் மாதம் கைல்போது பண்டிகையில் துப்பாக்கிகளைக் கழுவிப் பொட்டு வைத்துப் பூஜையில் வைப்பார்கள். குழல் வாயில் ஒரு பூவைச் செருகுவார்கள். அவர்கள் அதைத் துப்பாக்கிப் பூ என்றே சொல்கிறார்கள். அது வேறு ஒன்றும் இல்லை, நம் மாநில மலரான செங்காந்தள்தான். அதற்குப் பிறகு தேங்காயைக் கட்டி வைத்துக் குறி பார்த்துச் சுடும் போட்டி. துப்பாக்கி மாறியிருக்கலாம், நவீனமாகியிருக்கலாம். வீட்டுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு மாறவில்லை.

குடகில் ஆயுதம் மக்கள் கையில் இருந்தது, அதனால் பண்டிகை ஆயிற்று. அமெரிக்காவில் தாத்தாவின் ரைபிள் அடுப்புக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது, அதனால் பேரனுக்குப் பொழுதுபோக்கு ஆயிற்று. நம்மிடம் 1801-இல் பிடுங்கிவிட்டார்கள். திரும்புவதற்கு ஒரு பொருள் வேண்டுமே! பொருளும் இல்லை, செய்த கையும் இல்லை, ஞாபகமும் இல்லை. அதனால்தான் கட்டபொம்மன் கையில் வெறும் வாளை மட்டும் கொடுத்துவிட்டோம். ஆயுதத்தைப் பறித்ததைவிட, அது நம்மிடம் இருந்தது என்பதையே நாம் மறந்ததுதான் பெரிய இழப்பு என்பது என் எண்ணம். கோட்டைக்குள் அவர்கள் வெறும் ஆவேசத்தோடு நின்றவர்கள் அல்ல. தங்கள் காலத்துத் தொழில்நுட்பத்தைத் தெரிந்து வைத்திருந்தவர்கள்.

அப்படியென்றால் எல்லோரும் துப்பாக்கி வாங்க வேண்டும் என்று சொல்கிறேனா? இல்லவே இல்லை. நம் ஊர்களில் கோபத்துக்குப் பஞ்சம் இல்லை, துப்பாக்கி பெருகுவது நல்லதல்ல. 1972-இல் வந்த வனவிலங்குச் சட்டமும் நல்ல சட்டம். நான் சொல்வது வேறு.

ஜப்பானில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1867-க்கு முந்தைய பழைய துப்பாக்கிகளைக் கலைப்பொருள் என்று பதிவு செய்கிறார்கள். பதிவு செய்வது போலீஸ் அல்ல, அந்தந்த மாகாணத்துக் கல்வி வாரியம். அதனால் அங்கே பழைய துப்பாக்கி என்றால் பாரம்பரியச் சொத்து என்ற மரியாதை. திருவிழாக்களில் கவசம் அணிந்தவர்கள் வரிசையாக நின்று வெறும் மருந்து மட்டும் போட்டு வெடிக்கிறார்கள். நம் சட்டத்திலும் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. எவ்வளவு பழுது பார்த்தாலும் இனிச் சுட முடியாத பழைய ஆயுதத்துக்கு 45-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஒப்படைக்கப்படும் நாட்டுத் துப்பாக்கிகளில் பழையவற்றைப் பொறுக்கி, சுட முடியாதபடி செய்து, பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்திலோ பாஞ்சாலங்குறிச்சியிலோ வைக்கலாம். பக்கத்தில் ஒரு பலகையில் இது எப்படி வேலை செய்தது என்று தமிழில் எழுதி வைத்தால் பள்ளிப் பிள்ளைகள் படித்துவிட்டுப் போவார்கள்.

நாமும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ லைசென்ஸோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி இன்னும் இருந்தால், அதை ஒப்படைக்கும் முன் ஒரு போட்டோ எடுங்கள். குழல் எத்தனை அங்குலம், விசை எந்த வகை, ஏதாவது முத்திரை அல்லது எழுத்து வெட்டியிருக்கிறதா, யார் செய்தது, எந்தக் கொல்லர் பழுது பார்த்தார் என்று ஒரு தாளில் குறியுங்கள். மருந்துக் கொம்பு, கெட்டிக்கும் கம்பி போன்ற சில்லறைச் சாமான்களைக் குப்பையில் போடாதீர்கள். சுட்டுப் பழகிய பெரியவர் யாராவது இருந்தால் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் அவர் சொல்லும் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் இல்லாமல் பரணில் கிடந்தால், தாமதிக்காமல் ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு போலீஸில் ஒப்படைத்துவிடுங்கள். மருந்து செய்து பார்க்கிற ஆசை மட்டும் யாருக்கும் வேண்டாம். சிவகாசி பக்கத்தில் நாம் பார்க்காத விபத்தா?

எழுபது எண்பது வயதுக்காரர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். முத்துக்குளிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு. அதில் மூழ்கியவர்களில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? நாட்டுத் துப்பாக்கி கெட்டிக்கத் தெரிந்தவர்களும் அவர்கள் வயதுக்காரர்கள்தான். உங்களிடம் தகவல் இருந்தால் ஆயுதம் இருக்கும் இடத்தையும் ஆள் முகவரியையும் விட்டுவிட்டு, துப்பாக்கியைப் பற்றிய விவரத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள். கிடைப்பதையெல்லாம் ஒழுங்கு செய்து இன்னொரு கட்டுரையாகத் தருகிறேன்.